வலிச்சா சொல்லிடு பாப்பா! - ஒரு பாலே கலைஞரும் நான் மாற்றிய தலைப்பும்

கடந்த அக்டோபர் 23-ம் தேதி எனக்குக் காலை 6 மணி ஷிஃப்ட். டிஜிட்டல் டெஸ்க்கில் அந்த ஷிஃப்ட்டுக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் ராசிபலன், அடுத்து தங்கம் விலை, மழைக்காலம் என்றால் எந்த மாவட்டத்துக்கு லீவு என்ற அறிவிப்பு. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்தபோதுதான், ஏஜென்சி படங்களில் அந்தப் படம் வந்து விழுந்தது. நியூயார்க் மேடை ஒன்றில் பூக்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார் ஒரு பெண்.

மிஸ்டி கோப்லேண்ட். அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற புகழ்பெற்ற நடனக் குழுவில் 'பிரின்சிபல்' எனும் உச்ச நிலைக்கு உயர்ந்த முதல் கறுப்பினப் பெண். 1940-ல் முதல் மேடையேறிய அந்தக் குழுவுக்கு, அப்படி ஒருவரை உயர்த்த 75 ஆண்டுகள் ஆயின. 2015 ஜூன் 30-ம் தேதி அது நடந்தது. அந்த மிஸ்டி தன் 43 வயதில், லிங்கன் சென்டரில் கடைசியாக ஆடி விடைபெற்றிருந்தார்.

"சார், இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"பாலேவா? நம்ம ரீடர்ஸுக்கு என்னம்மா கனெக்ட்?" என்றார் டெஸ்க் சீஃப். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, 300 வார்த்தை. தலைப்பு நல்லா வை" என்றார்.

வைத்தேன். 'காலில் 6 இடத்தில் எலும்பு விரிசல்... வலியை மறைத்து மேடையில் சீறிய சிங்கப்பெண்!' மதியத்துக்குள் அதிகம் படிக்கப்பட்டவை பட்டியலில் ஏறிவிட்டது. "கலக்கிட்டம்மா" என்றார் சார். அன்று மாலை ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கும்வரை அந்தத் தலைப்பு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முகத்துக்கு ஒரு பேன்கேக், ஷூவுக்கு ஒரு பேன்கேக்

மிஸ்டியை எனக்கு டிப்ளமோ படிக்கும்போதே தெரியும். ஃபீச்சர் எழுதும் வகுப்பில், 'உங்களுக்குப் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுங்கள்' என்றார்கள். எல்லோரும் விளையாட்டு வீராங்கனை, கலெக்டர் என்று எழுத, நான் 2014-ல் வெளிவந்த மிஸ்டியின் சுயசரிதையைத் தேடிப் பிடித்துப் படித்து எழுதினேன். காரணம் எளிமையானது. நானும் கறுப்பு. நானும் ஆடியவள்.

எங்கள் ஊர் திண்டிவனம். 7 வயதில் அம்மா என்னைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டார். முதல் கோயில் நிகழ்ச்சிக்கு மேக்கப் போட வந்தவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு மட்டும் டபுள் கோட் போடணும்" என்று உதவியாளரிடம் சொன்னார். பேன்கேக்கைக் குழைத்து முகம் முழுக்கப் பூசினார். முகம் ரோஸ் நிறம். கழுத்தும் கையும் என் நிறம். அந்தப் போட்டோ ரொம்ப நாள் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் நான் போய் அதன் முன்னால் நின்றுகொள்வேன், அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று.

பாலே உலகிலும் 'பேன்கேக்' உண்டு என்று மிஸ்டி வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். பாலே ஆடும் பெண்கள் கால் விரல் நுனியில் நிற்பதற்காக அணியும் சாட்டின் ஷூவுக்கு 'பாயின்ட் ஷூ' என்று பெயர். அது காலங்காலமாக வெளிர் ரோஸ் நிறத்தில்தான் வந்தது. வெள்ளைத் தோல் கொண்ட காலுக்கு அது தொடர்ச்சிபோலத் தெரியும். கால் நீளமாகத் தோன்றும். பழுப்பு நிறக் கால்களுக்கு? ஷூ மட்டும் தனியாகத் தெரியும். அதனால் கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் முகத்துக்கான ஃபவுண்டேஷனை வாங்கி, ஸ்பாஞ்சில் தொட்டு, ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் பூசுவார்கள். லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ செய்ய ஆரம்பித்ததே 2018-ல்தான். எனக்குத் தோலின் நிறத்தை மறைக்கப் பூசினார்கள். அவர்கள் ஷூவைத் தங்கள் தோலின் நிறத்துக்குக் கொண்டுவரப் பூசினார்கள். இதை முதன்முதலில் படித்தபோது, நான் ஏன் அப்படி அழுதேன் என்று ஹாஸ்டல் அறைத் தோழிக்குப் புரியவில்லை.

மிஸ்டி பாலேவுக்கு வந்ததே 13 வயதில். பெரும்பாலான கலைஞர்கள் 5, 6 வயதில் தொடங்கிவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில், ஏழைப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் ஒரு கிளப்பின் கூடைப்பந்து மைதானத்தில்தான் முதல் வகுப்பு. அம்மாவும் 6 பிள்ளைகளுமாக ஒரு மோட்டல் அறையில் ஒண்டிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றே மாதங்களில் பாயின்ட் ஷூவில் நின்றார். 2001-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரில் குழுவாக ஆடுபவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அங்கே சுமார் 80 பேர். பல ஆண்டுகள் அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பெண்.

பாலேவில் இருபது முப்பது பெண்கள் வெள்ளை உடையில் ஒரே உருவம்போல வரிசையாக வரும் காட்சிகள் புகழ்பெற்றவை. 'லா பயடேர்' நாடகத்தின் நிழல்கள் காட்சி அப்படிப்பட்டதுதான். அதன் கதாநாயகி யார் தெரியுமா? இந்தியக் கோயிலில் ஆடும் பெண்! மரியஸ் பெட்டிபா 1877-ல் ரஷ்யாவில் அமைத்த நாடகம் அது. அதற்கு 39 ஆண்டுகள் முன்பு, 1838-ல், எங்கள் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து கோயில் நடனக் கலைஞர்கள் கப்பலேறிப் போய் பாரிஸில் ஆடியிருக்கிறார்கள். நம் ஊரின் கறுப்புப் பெண்களைப் பார்த்து ஐரோப்பா வியந்தது. ஆனால், மேடையில் அந்தக் கதையை ஆடும்போது எல்லோரும் வெளுப்பாக இருக்க வேண்டும். மற்ற பெண்களோடு ஒத்துப்போவதற்காகத் தானும் மேடையில் வெளிர் நிறப் பவுடர் பூசியிருப்பதாக மிஸ்டி சொல்லியிருக்கிறார்.

ஒரு சீஸன் என்றால்...

நமக்கு சீஸன் என்றால் மார்கழி. ஒரு கலைஞர் அந்த மாதத்தில் 5 கச்சேரி, 10 கச்சேரி ஆடினாலே பெரிய விஷயம். பாலே சீஸனின் கணக்கே வேறு. 2012-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் கோடை சீஸன், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் 8 வாரங்கள் நடந்தது. சுமார் 3,800 பேர் உட்காரக்கூடிய அரங்கம். திங்கள் முதல் சனி வரை தினமும் ஷோ. புதனும் சனியும் மதியத்திலும் ஒரு ஷோ. ஆக, வாரத்துக்கு 8. வாரம் மாறினால் நாடகமும் மாறும். இந்த வாரம் அன்னப்பறவை, அடுத்த வாரம் ஆவி, அதற்கடுத்த வாரம் ரோமியோ ஜூலியட் காலத்து இத்தாலிப் பெண்.

காலையில் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு. 20 ஆண்டுகள் ஆடிய பிரின்சிபலும், நேற்று சேர்ந்த பெண்ணும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிப்படைப் பயிற்சியிலிருந்து தொடங்குவார்கள். நாம் தட்டடவிலிருந்து ஆரம்பிப்பது மாதிரி. பிறகு மாலை வரை ஒத்திகை. இரவு ஷோ. திரை இறங்கும்போது மணி 10 தாண்டியிருக்கும். இடைவெளி கிடைத்தால் ஷூவுக்கு ரிப்பன் தைக்க வேண்டும். துணியும் காகிதமும் பசையும் அடுக்கிக் கையால் செய்யும் அந்த ஷூ, பெரிய வேடம் ஆடினால் ஒரே ஷோவில் தொய்ந்துவிடும். ஒரு ஜோடியின் விலை 100 டாலரை ஒட்டி வரும். புது ஷூவை அப்படியே போட முடியாது. அடிப்பாகத்தை வளைத்து, தரையில் அடித்து, கத்தியால் கீறி, காலுக்குப் பழக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆண்டு முழுக்கச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தத்தில் உள்ள வாரங்களுக்குத்தான் சம்பளம். மற்ற வாரங்கள் 'லே ஆஃப்'. அதனால் சீஸன் நேரத்தில் 'எனக்குக் கால் வலிக்கிறது' என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. வேடத்துக்கு அடுத்த ஆள் ரெடியாக நிற்பார். அவர் நன்றாக ஆடிவிட்டால் அந்த வேடம் திரும்பி வராமலும் போகலாம்.

மிஸ்டிக்கு அது ஏற்கெனவே தெரியும். 19 வயதில், குழுவில் சேர்ந்த புதிதில், கீழ் முதுகெலும்பில் விரிசல் விழுந்து ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆட முடியாமல் இருந்திருக்கிறார். தினம் 23 மணி நேரம் முதுகுக்கு பிரேஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது அவருக்கு முறையாக மாதவிலக்குகூட வந்திருக்கவில்லை. எலும்பு உறுதிக்காக மருத்துவர் மாத்திரை கொடுக்க, உடல் வளைவுகள் வந்தன. குழுவில் கூப்பிட்டு உடல் 'நீளமாக' வேண்டும் என்றார்களாம். மெலிய வேண்டும் என்பதை நாசூக்காகச் சொல்லும் வார்த்தை அது.

இதையெல்லாம் தாண்டி, 2012 ஜூன் மாதம் 'ஃபயர்பேர்ட்' நாடகத்தில் நெருப்புப் பறவை வேடம் வந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை. அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி புதிதாக அமைத்த நடனம். முழுக்கத் தாவலும் குதிப்பும். ஓபரா ஹவுஸின் வாசலில் மிஸ்டியின் பிரமாண்டப் படம். அதைப் பார்த்து அவர் தெருவில் நின்று அழுதிருக்கிறார். அதுவரை பாலே பார்க்கவே வராத கறுப்பின மக்கள் அவருக்காக டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அவரது இடது முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில், பல நாளாக வலி. அவர் அதைப் பெரிதாக வெளியே சொல்லவில்லை. ஆடினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அத்தோடு அந்த சீஸனிலிருந்து விலகினார். பரிசோதித்தபோது எலும்பில் 6 இடங்களில் விரிசல். சில, முழுதாக உடைவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அவர் இனி ஆடுவது சந்தேகம் என்று பேச்சு வந்தது.

நான் காலையில் 300 வார்த்தையில் எழுதியது, கைதட்டல் வரைக்கும்தான். தகடும் திருகும் கடைசிப் பத்தியில் ஒரு வரி.

அந்த ஸ்டேட்டஸ்

ஷிஃப்ட் முடிந்து மாலையில் பஸ்ஸில் வரும்போது போனைத் திறந்தேன். என் சித்தி மகள் என் கட்டுரையின் ஸ்க்ரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். விழுப்புரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டில் அவளுக்கு 14 வயதானாலும் பாப்பாதான். ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'எங்க அக்கா எழுதினது. வலிச்சாலும் ஆடணும்!' பக்கத்தில் நெருப்பு எமோஜி. அதற்கடுத்த படத்தில் அவளது கால். கணுக்காலிலிருந்து மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றி, அதன்மேல் சலங்கை கட்டியிருந்தாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன்.

"அக்கா! பாத்தியா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் படிச்சாங்க."

"கால்ல என்னடி கட்டு?"

"ஒண்ணுமில்லக்கா. ஞாயித்துக்கிழமை சலங்கை பூஜை. டெய்லி மூணு மணி நேரம் பிராக்டிஸ். அதான் லேசா வலி."

"எங்க வலிக்குது? ஒரு விரல் வச்சு அமுக்கிப் பாரு. ஒரே இடத்துல சுருக்குன்னு வலிக்குதா, பரவலா வலிக்குதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஒரே இடத்துலதான். ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. ப்ளீஸ். டிரெஸ்ஸுக்கெல்லாம் அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றாள்.

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அந்த வார்த்தைகளை நான் 10 வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் சொன்ன பொய்

2015. நான் பிளஸ் ஒன். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அரிசி மில்லில் வேலை பார்க்கும் அப்பாவின் சம்பளத்தில் அரங்கேற்றம் என்பது பெரிய பேச்சு. அம்மா தையல் மெஷினில் ராத்திரியும் உட்கார்ந்து, சீட்டுக் கட்டி, மண்டபத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். பட்டுப்புடவையை வெட்டி எனக்கான டிரெஸ்ஸை அவரே தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இடது முன்காலில் வலி ஆரம்பித்தது. முதலில் ஆடி முடித்ததும் வலித்தது. பிறகு ஆடும்போதே. பிறகு மாடிப்படி ஏறும்போதும். நாங்கள் ஆடியது சிமென்ட் தரை. பாலே அரங்குகளில் தரைக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்துக் கொஞ்சம் அமுங்கும்படி செய்திருப்பார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வெறும் காலால் சிமென்ட்டில் தட்டும் ஒவ்வொரு தட்டும் நேரே எலும்புக்குத்தான் போகும்.

டீச்சர் ஒருநாள் பாடத்தை நிறுத்தி, "கால் வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர்" என்றேன். நடனம் கற்பவர்களுக்கு இதுதான் சிக்கல். அரைமண்டியில் உட்கார்ந்தால் தொடை வலிக்கத்தான் செய்யும். வலிக்காமல் எதுவுமே வராது. அதனால் எந்த வலி பாடம், எந்த வலி எச்சரிக்கை என்று பிரித்துப் பார்க்க நாங்கள் பழகுவதில்லை. எல்லா வலியையும் ஒரே மாதிரி விழுங்கப் பழகிவிடுகிறோம்.

இரண்டு மாதம் விழுங்கினேன். ஒரு மாலை, வர்ணத்தின் ஒரு தீர்மானத்தில் குதித்துத் தரையில் கால் பட்டதும், கீழே விழுந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் விரிசல் நன்றாகவே தெரிந்தது. டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா வலிம்மா?"

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்குத்தான் டாக்டர். தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு" என்றேன்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அட்வான்ஸ் எதுவும் திரும்பி வரவில்லை. அடுத்து பிளஸ் டூ. பிறகு டிப்ளமோ ஃபீஸ். அரங்கேற்றம் நடக்கவே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. பிள்ளைகள் ஆடும் இடத்தை ஈரமாக வைத்திருந்தார் என்று அம்மா டீச்சரோடு சண்டை போட்டுவிட்டு, பேச்சையே நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் டீச்சரைப் பார்த்தால் அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவார். 10 வருஷம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் டீச்சர் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

நான் ஆட்டத்தை நிறுத்திய அதே கோடையில்தான், நியூயார்க்கில் மிஸ்டி பிரின்சிபல் ஆனார். அவர் கதை எனக்குப் பிடித்துப்போனதற்கு நிறம் மட்டும் காரணமல்ல என்று இப்போது தோன்றுகிறது. வலியை மறைத்த ஒருத்திக்கு அதற்கப்புறமும் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறதே என்ற ஆறுதலும்தான்.

தலைப்பு மாறியது

பாப்பாவிடம் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து சீட் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "நீ சித்திகிட்ட சொல்லு. சொல்லலைன்னா நாளைக்குக் காலைல நான் சொல்லுவேன்" என்றேன். "உன்னைப் போய் நம்பினேன் பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சாருக்கு மெசேஜ் போட்டேன். 'தலைப்பை மாத்தணும் சார். கடைசில இருக்கற ஆபரேஷன் விஷயத்தை மேல கொண்டுவரணும்.' அவர் போனில் கூப்பிட்டார். "நல்லாப் போயிட்டிருக்கே, எதுக்கும்மா?" ஸ்டேட்டஸ் கதையைச் சொன்னேன். அவருக்கும் ஒரு பெண் குழந்தை, கராத்தே கற்றுக்கொள்கிறாள். "மாத்திடு. ரீச் விழும், பரவாயில்ல" என்றார். 'கால் எலும்பில் 6 விரிசல், தகடு வைத்து ஆபரேஷன்... மிஸ்டி கோப்லேண்ட் மீண்டு வந்தது எப்படி?' என்று மாற்றினேன். ரீச் விழுந்தது.

மீண்டு வந்த கதையும் நல்ல கதைதான். நிற்க முடியாத நாட்களில் தரையில் படுத்துக்கொண்டே பாலே பயிற்சி செய்திருக்கிறார் மிஸ்டி. 'ஃப்ளோர் பார்' என்று அதற்குப் பெயர். எடை காலில் இறங்காமல் தசைகளை மட்டும் பழக்குவது. 2013-ல் மேடைக்குத் திரும்பினார். 2015 ஜூனில் அதே ஓபரா ஹவுஸில் 'ஸ்வான் லேக்' கதாநாயகியாக ஆடினார். வலியை மறைத்ததால் அவர் மேலே வந்துவிடவில்லை. அதற்குப் பிறகு மருத்துவம், ஓய்வு, பொறுமை என்று பல மாதங்கள் செலவிட்டதால் வந்தார். அவருக்குப் பின்னால் மருத்துவர்கள் இருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின் இருந்தது. பாப்பாவுக்கும் அதேதான்.

அன்று இரவு தூக்கம் வராமல் மிஸ்டியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தபோது, 2018 சிங்கப்பூர் சம்பவம் கண்ணில் பட்டது. 'ஸ்வான் லேக்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், ஒற்றைக் காலில் நின்று தொடர்ந்து 32 சுற்று சுற்ற வேண்டும். 1895-ல் பியெரினா லென்யானி என்ற இத்தாலியப் பெண் ஆடிக் காட்டியதிலிருந்து, அது பாலே நடனப் பெண்களுக்கு ஒரு தேர்வாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூர் மேடையில் மிஸ்டியால் அந்த 32-ஐ முடிக்க முடியவில்லை. வேறு சுற்றுகளுக்கு மாறிச் சமாளித்தார். யாரோ அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டு, ஏளனம் செய்திருந்தார்கள்.

மிஸ்டி அதை மறைக்கவில்லை. அந்த விமர்சனத்தைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தானே பகிர்ந்தார். தான் எப்போதும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், தன்னை மிகச் சிறந்தவள் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை, பாலே என்பது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல என்ற பொருளில் பதில் எழுதினார். எலும்பு விரிசலை மறைத்த அதே பெண், ஆறு வருடங்கள் கழித்துத் தன் சறுக்கலை ஊர் பார்க்க எடுத்து வைக்கிறார். எனக்கு அந்த இரண்டாவது மிஸ்டிதான் தைரியசாலியாகத் தெரிந்தார்.

மணி 11 இருக்கும். அம்மாவுக்கு போன் போட்டேன்.

"என்னடி இந்த நேரத்துல?"

"அம்மா, அன்னிக்குத் தரை ஈரமா இல்லம்மா."

அம்மாவுக்கு எந்த அன்றைக்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "இந்த வாரம் லீவு போட்டுட்டு வா" என்றார்.

பாப்பாவை மறுநாள் சித்தி எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கலாம் என்று அவர் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். எலும்பு வீங்க ஆரம்பித்திருந்தது. விரிசல் இன்னும் விழவில்லை. 6 வாரம் தட்டு, குதிப்பு எதுவும் கூடாது. சரியாகச் சாப்பிடுகிறாளா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சலங்கை பூஜையில் அவள் ஆடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

அம்மாவும் நானும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கூடத்தில் நான்கு சின்னப் பிள்ளைகள் தட்டடவு போட்டுக்கொண்டிருந்தார்கள். தரையில் ரப்பர் மேட் விரித்திருந்தது. அம்மா வாசலிலேயே நின்று, "டீச்சர், நான் தப்பாப் பேசிட்டேன்" என்றார். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன்.

டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்மா. நீ இடது காலை மெதுவாத்தான் தட்டுவ. சத்தத்துலயே தெரியும். கேட்டேன், இல்லன்னு சொன்ன. இன்னொரு தடவை கேட்டிருக்கணும் நானு. அரங்கேற்றம் வருதேன்னு விட்டுட்டேன்."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "யாருக்காவது கால் வலிக்குதா?" என்று கேட்டார். ஒரு வாண்டு உடனே கையைத் தூக்கியது. "போய் உக்காரு. தாளம் போடு" என்றார். அவள் சந்தோஷமாக ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம் பாப்பாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையும் கண்ணும் மட்டும் வைத்து ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்திருந்தாள். செய்தி எதுவும் இல்லை. நான் ஒரு இதயம் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, 'இன்னும் 12 நாள்' என்று பதில் வந்தது.